மாப்பிள்ளை கேட்ட தடையுத்தரவு

1

கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வே குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊர்ப் பத்திரிகை உடனே வந்து சேராது. கப்பலில் பினாங்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி, வாசகசாலையில் பல கை மாறி, ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறையோடுதான் என்னிடம் வரும். அதற்குள் செய்தியெல்லாம் ஊறுகாயாகியிருக்கும். ஆனாலும் தலைவலி மருந்து விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பேன். என் மனைவி கமலம் பினாங்கில் பிறந்தவள். "பழைய சோத்த இவ்வளவு ருசிச்சுச் சாப்பிடற ஆள நான் பார்த்ததே இல்ல" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு செய்தி கண்ணில் பட்டது. குழந்தை மணத் தடுப்புச் சட்டத்தை, சாரதா சட்டம் என்பார்களே அதை, திருத்தியிருக்கிறார்கள். பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது பதினான்கு என்று இருந்தது, இனிமேல் பதினைந்து. செய்தி அவ்வளவுதான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் செல்வி பார்த்துவிட்டாள். "அப்பா, ஏன் மெனாங்கிஸ்?" என்றாள். அழுவதற்கு அவளுக்கு மலாய்ச் சொல்தான் முதலில் வாயில் வருகிறது. திருத்தினால், "ஏன் அழுவுறீங்க?" என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி திருப்பிச் சொல்வாள். தமிழ் அவளுக்கு வீட்டுப்பாடமாகிவிட்டது. அதற்கும் சேர்த்து அழலாம், ஆனால் அன்றைக்கு அழுதது அதற்காக அல்ல.

ஏழு வயதுப் பெண்ணிடம் எப்படி விளக்குவது? ஊரிலிருக்கும் உங்களிடம் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தச் சட்டம் பிடித்து நிறுத்திய கல்யாணங்களில் ஒன்று என்னுடையது. நிறுத்தச் சொன்னவனும் நான்தான்.

2

அப்போது எனக்கு மொரப்பூர் ஸ்டேஷனில் சிக்னலர் வேலை. தந்தி அடிப்பதோடு, ஆள் குறைந்த ஸ்டேஷன் என்பதால் வாசலில் நின்று டிக்கெட் வாங்குவதும் நானே. மொரப்பூரில் பெரிய ரயிலை விட்டு இறங்கினால் எதிர்ப்பக்கம் சின்ன ரயில் நிற்கும். குறுகலான தண்டவாளம், தீப்பெட்டி போல் பெட்டிகள். தருமபுரி வழியாக ஓசூர் வரை போகும். மேட்டில் ஏறும்போது இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று கேலி செய்வார்கள். கேலியில் பாதி உண்மை.

தை மாசியில் அந்தச் சின்ன ரயிலில் கல்யாணக் கோஷ்டிகள் ஏறும். தேங்காய் மூட்டை, மேளம், மஞ்சள் புடவை சுற்றிய ஒரு சிறுமி. ஓசூரில் இறங்கி வண்டி கட்டிக்கொண்டு அத்திப்பள்ளி போய்விட்டால் அது மைசூர் ராஜ்யம். சாரதா சட்டம் அங்கே கிடையாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே ஏதாவது ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்கள். போகும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்த பெண், வரும்போது கழுத்தில் கயிற்றோடு தூங்கி வழிவாள்.

அவர்கள் யாரும் தப்புச் செய்வதாக நினைக்கவில்லை. நம் ஊர்க் கிணறு வற்றிவிட்டால் பக்கத்து ஊருக்குக் குடத்தோடு போவதில்லையா, அந்த மாதிரிதான் எல்லை தாண்டினார்கள். நானும் டிக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வழிவிட்டுக்கொண்டுதான் இருந்தேன், என் வீட்டுக்கே அது வரும் வரையில்.

3

என் அக்கா பச்சையம்மா. விஷ ஜுரத்தில் எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு இரண்டு வயது. புருஷன் வீட்டிலிருந்து வந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் அவள். அவள் புருஷன் பெரியண்ணனை நான் மாமா என்பேன். மனிதர் முன்கோபி. ஆனால் மச்சினன்தானே என்று என் தட்டில் ஒரு கவளம் குறைத்ததில்லை. என்னை நாலாம் பாரம் வரை படிக்க வைத்ததும் அவர்தான். மொரப்பூருக்குக் கிழக்கே, சித்தேரி மலை கண்ணுக்குத் தெரிகிற ஊர். கேழ்வரகும் துவரையும் போடும் நிலம்.

அக்காவுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதுதான் மாது. மாதுவுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைப்பார்கள்? என் மடியில்தான் உட்கார்ந்தாள். அழுத அழுகையில் என் வேட்டியை நனைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்குத்தான் என்னை மாப்பிள்ளையாகப் பேசினார்கள்.

"தையில முடிச்சிடலாம்டா" என்றார் மாமா, களியை உருட்டிக்கொண்டே.

"அவ கொழந்தைங்க மாமா."

"இப்பவே உங்கூட அனுப்பறமா என்ன? தாலிய மட்டும் கட்டிப்புடு. வயசுக்கு வந்தப்பறம் அனுப்பறம். ரயிலு உத்தியோகம் பாக்கற பையன், நாளைக்கு எவனாச்சும் சேலத்துக்காரன் கொத்திக்கிட்டுப் போயிட்டா நாங்க என்ன பண்றது?"

"மூணு வருசம் பொறுங்க மாமா. நான் எங்கியும் போவ மாட்டேன்."

"பாலக்கோட்டுக்காரரு ரெண்டு தரம் ஆள் அனுப்பிட்டாரு. மொதத் தாரம் செத்துப் போச்சு, தோட்டம் தொரவு இருக்குது. மொறைக்காரன் நீ இருக்கறியேன்னுதான் பதில் சொல்லாம இருக்கறேன். வேணாம்னா இப்பவே சொல்லிப்புடு. தையில அவருக்குக் குடுத்துடறேன்."

பாலக்கோட்டுக்காரருக்கு என் மாமாவின் வயது. மாதுவுக்குப் பதினொன்று.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிராமல் ஒன்றே ஒன்று சொன்னாள். "அக்கா பொண்ண வேணாங்கறது அக்காளையே வேணாங்கறது மாதிரி, தம்பி."

கட்டுகிறேன் என்றால் நானே அந்தக் குழந்தையின் கழுத்தில் கயிற்றைப் போட வேண்டும். மாட்டேன் என்றால் பாலக்கோட்டுக்காரர் போடுவார், எனக்கு அக்காவும் இல்லாமல் போவாள். களியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

4

நடுவில் இங்குள்ள கதை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அவள் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவள். அந்தப் பத்திரத்தில் அவர்கள் வழக்கப்படி வருஷம் 2602 என்று போட்டிருக்கும். கவுண்டரில் இருந்தவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கணக்குப்படி என் மகள் பிறக்க இன்னும் அறுநூற்றுச் சொச்சம் வருஷம் இருக்கிறது. இந்த ஆபீஸுக்கும் அந்த ஆபீஸுக்கும் நடந்து, சத்தியக் கடிதம் எழுதி, வேறு பத்திரம் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிட்டது. கமலம் திட்டித் தீர்த்தாள்.

எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. வருஷம் கோணலாக இருந்தாலும் நாளும் மாதமும் மணியும் அதில் இருக்கிறதே! என் மகளை நிறுத்தி வைத்து, இவளுக்குப் பதினைந்து வயது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் மாதுவின் வயது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவள் அப்பா சொல்வதுதான் வயது.

5

அந்த மார்கழியில் சேலத்து வக்கீல் ஒருவர் பெரிய ரயிலில் வந்து இறங்கி, தருமபுரிக் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகச் சின்ன ரயிலுக்காகக் காத்திருந்தார். கனத்த உடம்பு. குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிரில் ஒரு கோஷ்டி மேளத்தோடு உட்கார்ந்திருந்தது.

"இவங்கல்லாம் எங்கப்பா போறாங்க?"

"மைசூர்ப் பக்கம்ங்க. சாரதா சட்டம் அங்க இல்லைங்களே."

"அது பழைய கதை" என்றார். "இப்பத் திருத்திட்டாங்க. இந்த ஜில்லாக்காரன் எந்த ராஜ்யத்துல போய்க் கட்டினாலும் குத்தம் குத்தம்தான். அது மட்டுமில்ல, நடக்கறதுக்கு முன்னாடியே கோர்ட்டு தடை போடலாம். மீறினா மூணு மாசம் ஜெயில்."

"தடை போட்டா, பொண்ணோட அப்பா வேற ஆளுக்குக் கட்டிக் குடுக்க முடியுங்களா?"

"பதினாலு முடியற வரைக்கும் எவனுக்கும் முடியாது. நீ ஏன் இப்படி நோண்டி நோண்டிக் கேக்கறே? தெரிஞ்ச பொண்ணா?"

"அக்கா பொண்ணுங்க."

"மாப்பிள்ளை யாரு?"

"நானுங்க."

வாயிலிருந்த தண்ணீர் அவர் கோட்டில் தெறித்தது. சிரி சிரி என்று சிரித்தார். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளையே வந்து நிற்பதைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர் வெளியே வரக் கூடாது, வந்தால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது என்றும் சொன்னேன்.

"மனுவை என் பேர்ல போட்டுக்கறேன்" என்றார். "ரயிலடியில காதுல விழுந்ததுன்னு சொல்வேன், அது பொய்யும் இல்ல. எதிர்மனுதாரர் ரெண்டு பேரு. ஒண்ணு உங்க மாமா. இன்னொண்ணு நீ. ஒழுங்கா வந்து கூண்டுல நில்லு."

மனுப் போடுகிறவர் கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஜாமீனுக்கும் அவரே கையெழுத்துப் போட்டார் என்று பின்னால் தெரிந்தது. என்னிடமிருந்து அந்த ஒரு செம்புத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் காலையில் திருநீறு பூசும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

6

கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்ததும் மாமா அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு, என்னிடமே ஓடி வந்தார், படித்துச் சொல்லச் சொல்லி. படித்தேன்.

"எந்தப் பொறம்போக்குப் பயடா எழுதிப் போட்டது?"

"யாரோ வக்கீலாம் மாமா. என் பேரையும்தான் போட்டிருக்காங்க."

"உன்னையுமா! நீ கவலப்படாதடா" என்று என் தோளில் தட்டினார். எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதரின் நல்ல குணம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

கச்சேரிக்கு நாலு பேரும் சின்ன ரயிலில் போனோம். மாதுவுக்கு ஒரே குஷி. ஓசூர்ப் பயணம் முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வழியெல்லாம் வாய்க்குள் விரலை விட்டு எதையோ ஆட்டிக்கொண்டே வந்தாள். "கைய எடு, எச்சி" என்று அக்கா அதட்டியபடி வந்தாள்.

மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட தமிழர். கல்யாணம் ஏற்பாடாகியிருப்பது உண்மையா என்று கேட்டார். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்த பதில் அவரிடம் இருந்தது.

"கல்யாணம் நெசந்தானுங்க சாமி. ஆனா நாங்க இங்க பண்ணலீங்க. அத்திப்பள்ளி தாண்டி, மைசூர் ராஜ்யத்துலதானுங்க பண்றம். இந்தக் கோர்ட்டுக்கு ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டங்க."

கோர்ட்டே சிரித்தது. தான் மடக்கிவிட்டதாக நினைத்து மாமாவும் சிரித்தார். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். எங்கே கட்டினாலும் குற்றம் என்று அவர் விளக்கிய பிறகுதான் மாமாவின் முகம் தொங்கியது.

"பெண்ணுக்கு என்ன வயது?"

"பதினஞ்சுங்க சாமி" என்றார் மாமா, யோசிக்காமல். "ஒல்லி ஒடம்பு, அதான் தெரியல."

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடப் பதிவு இல்லை, ஜாதகம் இல்லை. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பதினைந்து என்று எழுதிக்கொண்டால் கதை முடிந்தது. தையில் கல்யாணம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"அம்மா! புடுங்கிட்டேன்!"

மாது வாயோரம் ரத்தத்தோடு, கையில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால்பல். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "இங்க எல்லாம் ஓடா இருக்குதே, எங்கம்மா போடறது? சாணி வேணுமே!"

எங்கள் பக்கத்தில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிவார்கள். அப்போதுதான் புதுப்பல் நன்றாக முளைக்கும். அந்தப் பெண்ணுக்குக் கோர்ட்டு, மனு, கல்யாணம் எதுவும் கண்ணில் படவில்லை. பல்லை எறியக் கூரை இல்லையே என்பதுதான் அவள் கவலை.

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"பெற்றவள் நீங்கள் சொல்லுங்கள் அம்மா. இவளுக்கு என்ன வயது?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா கண்ணாலேயே பதினைந்து என்றார். அக்கா மாதுவின் கையிலிருந்து அந்தப் பல்லை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பதினொண்ணுங்க" என்றாள். "வர்ற ஆடிக்குப் பன்னெண்டு."

7

உத்தரவைப் படித்தார்கள். பதினான்கு வயது முடியும் வரை மாதுவை யாருக்கும் கட்டிக் கொடுக்கக் கூடாதென்று மாமாவுக்குத் தடை. அவளைக் கட்டிக்கொள்ளக் கூடாதென்று எனக்குத் தடை. சம்மதமா என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார். கட்டுப்படுகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ஊரில் பலர் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்.

மாமா அக்காவோடு ஆறு மாதம் பேசவில்லை. சபையில் தன்னைப் பொய்யனாக்கிவிட்டாள் என்று. ஆனால் ஊராரிடம் தலைநிமிர்ந்துதான் சொன்னார். "நாங்க தயாராத்தான் இருந்தம். கெவர்மெண்டே வேணாம்னுடுச்சு, நாம என்ன பண்றது?" பாலக்கோட்டுக்காரருக்கும் அதே பதில்தான் போயிற்று. பழியெல்லாம் சட்டத்தின் தலையில் விழுந்தது. அக்காவை நான் மறுத்ததாகவும் இல்லை, மாமா முறையை மீறியதாகவும் இல்லை. ஒரு குடும்பத்தால் தனக்குள் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு 'வேண்டாம்' என்ற சொல்லை அந்தச் சட்டம் எங்களுக்காகச் சொன்னது. அதற்குத்தான் என் நன்றி.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட்டால் பொய்யாகிவிடும். அந்த மாசியிலேயே பாலக்கோட்டுக்காரர் ஓசூரிலிருந்து திரும்பி வரும் சின்ன ரயிலில், பெண் வீட்டு விருந்துக்காக மொரப்பூர் வரை வந்தார். பக்கத்தில் யாரோ பெற்ற ஒரு பெண், மாதுவின் உயரம்தான் இருக்கும், ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்காக எந்த ரயிலடியிலும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மாதுவுக்குப் பதினான்கு ஆவதற்குள் நான் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். இருந்தால் மறுபடியும் தாம்பூலம் வரும். சின்ன ரயிலையே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு. மலாயா ரயில்வேயில் குமாஸ்தா வேலை இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். அக்காவிடம் உத்தியோகத்துக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். மனு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் வந்தான், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள், ஊரோடு போக்குவரத்தே அறுந்துபோயிற்று. செத்தால் அக்காவிடம் சொல்லாமலே சாகப்போகிறேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

8

போன வருஷம் லீவு கிடைத்தது. மாதுவின் கல்யாணத்துக்கென்றே போனேன். சின்ன ரயில் இல்லை. யுத்தத்துக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். மாது எட்டாவது படித்து, டிரெய்னிங் முடித்து, சித்தேரி அடிவாரத்தில் ஒரு போர்டு ஸ்கூலில் டீச்சராக இருக்கிறாள். மாப்பிள்ளையும் வாத்தியார்தான். அவள் சம்மதம் கேட்டுத்தான் பேசினார்களாம். அதை மாமாவே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். "தாய்மாமன் வந்து மால எடுத்துக் குடுத்தாத்தான் மணையில குந்துவேன்னுட்டாடா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது மாது, "இப்பத் தடையில்லீங்களே மாமா?" என்று காதோடு கேட்டுச் சிரித்தாள். தாய்மாமனுக்குரிய வரிசையெல்லாம் செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக ஒரு பந்தியில் சாப்பிட்டதில்லை.

திரும்பும் நாளன்று அக்கா மட்டும் மொரப்பூர் வரைக்கும் வண்டியில் கூட வந்தாள். ரயில் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மென்று விழுங்கிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த மனு..."

"தெரியும் போடா" என்றாள்.

"எப்பருந்து?"

"அன்னிக்கேதான். உத்தரவப் படிச்சப்ப உங்க மாமா தலையில கைய வெச்சிக்கிட்டாரு. நானு அழுதேன். நீ மட்டும் பெருமூச்சு விட்ட. தூக்கி வளத்தவளுக்குத் தெரியாதா?"

ரயில் வந்துவிட்டது. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவளே என்னைத் தள்ளி ஏற்றிவிட்டாள். ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எம்மேல கோவமே இல்லியா அக்கா?"

வண்டி நகர்ந்தது. கையை விடாமல் கூடவே நடந்தாள்.

"என்னையக் கட்டிக் குடுக்கறப்ப எனக்கும் பதினொண்ணுதாண்டா. நீ அப்பத் தொட்டில்ல கெடந்த. கொஞ்சம் முன்னாடியே பொறந்திருந்தா எனக்கும் ஒரு மனு போட்டிருப்ப இல்ல?"